பள்ளிவாசல்ல ஒருத்தர் தப்பா தொழுறத பாத்தா எப்படி சொல்றது?

அஸ்ஸலாமு அலைக்கும். ரமலான் வந்தா பள்ளில புது முகமா தெரியும், வருஷம் பூரா வராத தம்பிங்க கூட தராவீஹுக்கு (ரமலான் ராத்தொழுகை) வந்து நிப்பாங்க, நம்மாளுங்களுக்கு திருத்துற ஆசையும் அப்பதான் பொங்கும். "தொப்பி எங்க?", "பேண்ட்ட கரண்டைக்கு மேல ஏத்து"ன்னு ஆளாளுக்கு ஒண்ணு.

நானும் அப்படி பண்ணவன்தான். பக்கத்துல நின்ன ஒரு பையன் ருகூவுல குனிஞ்சதும் தெரியல நிமிந்ததும் தெரியல, சலாம் குடுத்து தொழுகைய முடிச்ச உடனே ஸஃப்ல (தொழுற வரிசையில) எல்லார் முன்னாடியும் "இப்படி தொழுதா கூடாது தம்பி"ன்னேன். ஒண்ணும் பேசல, காது மட்டும் செவந்துச்சு, மடிச்சு விட்ட சட்டைக் கைய எறக்கி விட்டுக்கிட்டே வெளிய போனான், மறுநாள் வரல, அதுக்கப்புறமும் வரல. நான் சொன்ன மஸாயில் (மார்க்கச் சட்டம்) சரிதான், சொன்ன இடந்தான் நாசம்.

ஸஹீஹ் முஸ்லிம்ங்கிற நூல்ல ஒரு ஹதீஸ் (நபியப் பத்துன செய்தி) இருக்கு, முஆவியா இப்னுல் ஹகம்னு ஒரு ஸஹாபி (நபித்தோழர்) தொழுகைக்குள்ளயே தும்முனவருக்கு 'யர்ஹமுகல்லாஹ்'னு (அல்லாஹ் உங்களுக்கு கருணை காட்டட்டும்) சொல்லிட்டார், சுத்தி இருந்தவங்க முறைச்சாங்க, அவங்கவங்க தொடையில தட்டுனாங்க. ரஸூலுல்லாஹ் (நபி) தொழுகைய முடிச்சிட்டு, இது மனுஷப் பேச்சுக்கான இடமில்லன்னு சொல்லிக் குடுத்தாங்க, அவ்ளோதான். என்னை அடிக்கல, ஏசல, இவங்கள மாதிரி ஒரு ஆசிரியர நான் பாத்ததே இல்லன்னு அவரே சொல்றார் பாருங்க.

அதனால மொதல்ல ஆள் தனியா கிடைக்கட்டும். ஒளு செய்ற (கை கால் கழுவுற) ஹவுல் பக்கமோ செருப்பு மாட்டுற இடமோ போதும். எடுத்ததும் தொழுகைய பத்தி ஆரம்பிக்காதீங்க, எந்தத் தெரு, என்ன வேலைன்னு ரெண்டு நாள் பேசுங்க, அப்புறமா "நானும் ரொம்ப நாள் அவசரமாதான் தொழுதேன்"னு உங்க கதைய சொல்லுங்க (உண்மையா இருந்தா மட்டும், கதை விடக்கூடாது!). ஒரு தடவைக்கு ஒரு விஷயம் போதும், தொப்பி, தாடி, பேண்ட் எல்லாத்தையும் ஒரே நாள்ல எறக்குனா எவன் நிப்பான்?

இன்னொண்ணு, அது தப்புதானான்னு பாத்துக்கங்க. நீங்க ஹனஃபி மத்ஹப் (சட்ட வழி), தொப்புளுக்குக் கீழ கை கட்டுவீங்க, ஆமீன் மெதுவா சொல்லுவீங்க, பக்கத்துல காயல்பட்டினத்து ஷாஃபி மத்ஹப்காரர் ஒருத்தர் மேல கட்டி சத்தமா ஆமீன் சொன்னா அவர திருத்த என்ன இருக்கு?

ஃபேமிலி வாட்ஸ்அப் குரூப்ல மாமு ஆதாரமில்லாத ஹதீஸ் போட்டா அங்கயே "இது பொய்"னு அடிக்காதீங்க, இன்பாக்ஸ்ல போங்க. பொதுவா சொல்லியே ஆகணும்னா "சில பேர் இப்படி செய்றாங்களே"ன்னு பேர் சொல்லாம சொல்றதுதான் ரஸூலுல்லாஹ்வோட பழக்கம்.

வயசானவங்ககிட்டதான் ரொம்ப கஷ்டம். எங்க நன்னிமாவுக்கு (பாட்டிக்கு) சுகர், இன்சுலின் போடுறாங்க, டாக்டர் நோன்பு வேணாம்னுட்டார், கேக்கவே மாட்டேன்னாங்க. என் தம்பி "மார்க்கத்துல சலுகை இருக்கு, தெரியாதா?"ன்னு கேட்டுட்டான், அவ்ளோதான், "நேத்து பொறந்தவன் எனக்கு மார்க்கம் சொல்றியா"ன்னு ஒரே சத்தம். நான் ரெண்டு நாள் விட்டுட்டேன். மூணாவது நாள் அஸருக்கப்புறம் (சாயங்காலத் தொழுகை) கஞ்சிக்கு வெங்காயம் உரிச்சிட்டிருந்தாங்க, பக்கத்துல உக்காந்து நானும் உரிச்சேன். "நன்னிமா, குர்ஆன் பகரா சூராவுல நோன்பு வசனத்துல அல்லாஹ் உங்களுக்கு இலேசத்தான் நாடுறான்னு வருதே, அது யாருக்கு நன்னிமா?"ன்னு கேட்டேன். "நோயாளிக்கும் பிரயாணிக்கும்"னாங்க டக்குனு. நான் ஒண்ணும் சொல்லல, அடுத்த வெங்காயத்த எடுத்தேன். கொஞ்ச நேரம் கழிச்சு அவங்களே "ஒரு நோன்புக்கு ஒரு ஏழைக்கு சாப்பாடு குடுக்கணும், பள்ளி ஹஜ்ரத்துகிட்ட கணக்கு கேட்டுட்டு வா"ன்னுட்டு, "கஞ்சி மட்டும் எனக்கும் ஒரு கோப்பை எடுத்து வைங்க, பாங்கு சொன்னதும் உங்களோட உக்காந்துதான் குடிப்பேன்"னாங்க.