பல் மருத்துவரிடம் போகப் பயமா? நாற்காலியில் அமர்வதற்கு முன்னும் அமர்ந்த பின்னும் செய்ய வேண்டியவை

கடைவாய்ப் பல்லில் சொத்தை விழுந்திருப்பது தெரிந்தும், அந்தப் பக்கம் மெல்லாமல் மறுபக்கமாகவே மென்று ஆண்டுக்கணக்கில் காலத்தை ஓட்டுபவர்கள் நம்மிடையே ஏராளம். குளிர்ந்த தண்ணீர் பட்டால் கூச்சம், இனிப்பு பட்டால் சுருக்கென்று ஒரு வலி, பிறகு இரவில் விண்விண்ணென்று தெறிப்பு என்று பல் படிப்படியாகச் சொல்லிக்கொண்டேதான் வருகிறது. ஆனாலும் கிராம்புத் தைலம், உப்புத் தண்ணீர், மருந்துக்கடை மாத்திரை என்று நாளைக் கடத்திவிட்டு, கன்னம் வீங்கிய பிறகே இவர்கள் பல் மருத்துவமனையின் படியேறுகிறார்கள். இதைச் சோம்பல் என்றோ அறியாமை என்றோ சொல்லிவிட முடியாது. நன்றாகப் படித்தவர்களும், மற்ற எந்த நோய்க்கும் உடனே மருத்துவரைப் பார்ப்பவர்களும் இவர்களில் உண்டு. அவர்களைத் தடுப்பது பயம்.

“எனக்குப் பயம்” என்று பொதுவாகச் சொல்லிக்கொண்டிருக்கும் வரை அந்தப் பயத்தை வைத்துக்கொண்டு எதுவும் செய்ய முடியாது. எதன்மேல் பயம் என்று முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும். இதற்குப் பல் மருத்துவர்களும் ஆய்வாளர்களும் பயன்படுத்தும் எளிய கேள்வித்தாள் ஒன்று உண்டு. நார்மன் கோரா 1969-இல் வகுத்த நான்கு கேள்விகளை அடிப்படையாகக் கொண்டு, ஜெரால்ட் ஹம்ப்ரிஸும் உடன் பணியாற்றியவர்களும் 1995-இல் ஐந்து கேள்விகளாகத் திருத்தி அமைத்தது அது. நாளை பல் மருத்துவரிடம் போக வேண்டும் என்றால் எப்படி இருக்கிறது, காத்திருக்கும் அறையில் உட்கார்ந்திருக்கும்போது எப்படி, பல்லைக் குடையப் போகிறார்கள் என்றால் எப்படி, பல்லைச் சுத்தம் செய்யப் போகிறார்கள் என்றால் எப்படி, ஈறில் மரத்துப்போகும் ஊசி போடப் போகிறார்கள் என்றால் எப்படி என்பவையே அந்த ஐந்தும். ஒவ்வொன்றுக்கும் பயமே இல்லை என்றால் 1, மிகக் கடுமையான பயம் என்றால் 5 என்று மதிப்பெண் போட்டுக் கூட்டினால், 19 அல்லது அதற்கு மேல் வருபவர்களுக்கு அச்சம் மிக அதிகம் என்று கொள்கிறார்கள். மொத்த எண்ணைவிட எந்தக் கேள்விக்கு அதிக எண் விழுந்தது என்பதே நமக்குப் பயன்படும். ஊசிக்கு 5-உம் மற்றவற்றுக்கு 2-உம் போட்டவருக்குத் தேவையான உதவி வேறு. காத்திருப்பதற்கே 5 போட்டவருக்குத் தேவையான உதவி வேறு.

கேள்வித்தாளில் இல்லாத பயங்களும் உண்டு. வாயில் எதையாவது வைத்தாலே குமட்டல் வந்துவிடும் என்பது ஒன்று. மல்லாந்து படுத்து வாயைத் திறந்து வைத்திருக்கையில் பேச முடியாது, எழுந்து ஓடவும் முடியாது என்பது மற்றொன்று. “இத்தனை நாள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்?” என்று திட்டு வாங்க நேருமே என்ற கூச்சம் பலருக்கும் வலியைவிடப் பெரிய தடை. செலவு எவ்வளவு ஆகுமோ என்ற கலக்கமும் சேர்ந்துகொள்ளும். எது உங்களுடையது என்று ஒரு தாளில் இரண்டு வரி எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நேரில் வாய் வராவிட்டால் அந்தத் தாளையே மருத்துவரிடம் நீட்டலாம்.

மருத்துவரைத் தேர்ந்தெடுக்கும்போது “வலிக்கவே வலிக்காது” என்று அடித்துச் சொல்பவரைவிட, “இந்த இடத்தில் சற்றுச் சுருக்கென்று இருக்கும், அதற்குப் பிறகு ஒன்றும் தெரியாது” என்று சொல்பவரையே நான் நம்புவேன். மாநிலப் பல் மருத்துவக் கவுன்சிலில் பதிவு பெற்றவரா என்று பார்த்துக்கொள்ளுங்கள். செலவு ஒரு தடையென்றால், சென்னையில் உள்ள தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற அரசு நிறுவனங்கள் இருக்கின்றன. தனியார் பல் மருத்துவக் கல்லூரிகளிலும் வெளியில் ஆவதைவிடக் குறைந்த கட்டணத்திலேயே பார்ப்பது வழக்கம். அங்கே கூட்டம் அதிகம், நேரமும் ஆகும் என்பதால், காத்திருப்பதே பயமாக உள்ளவர்கள் துணைக்கு ஒருவரைக் கூட்டிச் செல்வது நல்லது. ஆனால் அந்தத் துணை, தனக்குப் பல் பிடுங்கிய கதையை விரித்துச் சொல்லும் உறவினராக இருக்கக் கூடாது.

நேரம் கேட்டுத் தொலைபேசியில் பேசும்போதே, “எனக்குப் பல் சிகிச்சை என்றால் மிகுந்த பயம், முதல் நாள் வாயைப் பார்த்து, தேவைப்பட்டால் எக்ஸ்ரே எடுத்து, என்ன செய்ய வேண்டும், எவ்வளவு ஆகும் என்று சொன்னால் போதும், அன்றைக்கு வேறு எந்த வேலையும் வேண்டாம்” என்று சொல்லிவிடுங்கள். இந்தக் கட்டுரையில் உள்ள யோசனைகளில் ஒன்றை மட்டும் கடைப்பிடிக்க முடியுமென்றால், நான் இதைத்தான் சொல்வேன். ஊசியும் கருவியும் இல்லாமல் அந்த நாற்காலியில் ஒருமுறை படுத்து எழுந்து வந்தவருக்கு, இரண்டாம் முறை அது அறிமுகமான இடமாகிவிடுகிறது. காலையில் முதல் ஆளாக நேரம் கேட்டு வாங்கினால், வெளியே உட்கார்ந்து உள்ளே கேட்கும் சத்தத்தைக் கணக்கிட்டுக்கொண்டிருக்கும் வேதனையும், அதற்கு முன் நாள் முழுவதும் அதையே நினைத்துக்கொண்டிருப்பதும் மிச்சமாகும்.

வலி இல்லாதபோதே போக வேண்டும் என்பதற்கு ஒரு வேதியியல் காரணமும் இருக்கிறது. பல் மருத்துவத்தில் மரத்துப்போகச் செய்யப் பெரும்பாலும் பயன்படுவது 1948-இல் விற்பனைக்கு வந்த லிக்னோகெய்ன் என்ற மருந்து. அது நரம்பின் உறைக்குள் நுழைந்து வேலை செய்ய, சுற்றியுள்ள திசு இயல்பான நிலையில் இருக்க வேண்டும். சீழ் பிடித்து வீங்கிய இடத்தில் அமிலத்தன்மை கூடிவிடுவதால், மருந்தின் பெரும்பகுதி நரம்புக்குள் நுழைய முடியாத வடிவத்துக்கு மாறிவிடுகிறது. போதாததற்கு, அழற்சி கண்ட நரம்பு சாதாரண நாளைவிடக் கூர்மையாக வலியை உணர்கிறது. எனவே பயந்து தள்ளிப்போட்டவருக்கு ஊசி சரியாகப் பிடிப்பதில்லை. வலித்தது என்று அவர் இன்னும் அதிகமாகப் பயந்து, அடுத்த பல்லையும் தள்ளிப்போடுகிறார். சிறு சொத்தையாக இருக்கையில் அரை மணி நேரத்தில் அடைத்துவிடக்கூடிய பல், பிறகு வேர் சிகிச்சைக்கும், அதையும் தாண்டினால் பிடுங்குவதற்கும் போய்விடுகிறது. ஏற்கெனவே வீக்கம் வந்துவிட்டவர்களும் மனம் தளர வேண்டியதில்லை: சீழை வெளியேற்றுவது, கூடுதலாக வேறு இடத்தில் ஊசி போடுவது, தேவையான இடத்தில் சில நாள் மருந்து கொடுத்துப் பிறகு வேலையைத் தொடங்குவது என்று மருத்துவரிடம் வழிகள் உண்டு.

சிகிச்சைக்குப் போகும் நாளில் வெறும் வயிற்றோடு போகாதீர்கள். முழு மயக்கம் கொடுத்துச் செய்யும் சிகிச்சைக்குப் பட்டினி தேவை. சாதாரணமாக மரத்துப்போகும் ஊசி போட்டுச் செய்யும் வேலைக்கு, இரண்டு இட்லியாவது சாப்பிட்டுவிட்டுப் போவதுதான் சரி. பல் மருத்துவமனையில் நேரும் திடீர்ச் சிக்கல்களில் மிகச் சாதாரணமானது, பயத்தாலும் பசியாலும் சற்று நேரம் மயங்கி விழுவதுதான். சர்க்கரை நோயாளிகள் வழக்கமான உணவையும் மருந்தையும் எடுத்துக்கொண்டு போக வேண்டும். இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் அதைத் தாமாக நிறுத்தக் கூடாது. மாத்திரைச் சீட்டை எடுத்துச் சென்று காட்டினால் போதும். காப்பியை மட்டும் அன்று சற்றுக் குறைத்துக்கொள்ளலாம், ஏனெனில் அது படபடப்பைக் கூட்டும்.

ஊசிக்குப் பயப்படுபவர்கள், அங்கே என்ன நடக்கும் என்பதை முன்கூட்டியே தெரிந்து வைத்திருந்தால் பாதி நடுக்கம் குறையும். முதலில் ஈறை உலர்த்தி, மரத்துப்போகச் செய்யும் ஜெல்லைப் பஞ்சில் தடவி வைப்பார்கள், அல்லது ஸ்பிரே அடிப்பார்கள். வைக்காவிட்டால் நீங்களே கேளுங்கள். அது வேலை செய்ய ஓரிரு நிமிடங்கள் ஆகும். பிறகு மருத்துவர் உங்கள் கன்னத்தை விரலால் இழுத்து லேசாக ஆட்டுவார். கவனத்தைத் திருப்பவும், இழுபட்ட சதையில் ஊசி எளிதாக இறங்கவும் அப்படிச் செய்வது வழக்கம். குத்துவதைவிட மருந்து வேகமாக உள்ளே இறங்குவதுதான் அதிகம் வலிக்கும் என்பதால், “மெதுவாகப் போடுங்கள், டாக்டர்” என்று தயங்காமல் சொல்லலாம். ஓரிரு துளி நாக்கில் பட்டால் கசக்கும். கீழ்ப் பல்லுக்குப் போட்டால், சில நிமிடங்களில் கீழுதடு தடித்துக் கனத்தது போலவும், முகவாய்க்கட்டையில் எறும்பு ஊர்வது போலவும் இருக்கும். கீழ்க் கடைவாய்க்குப் போடும் ஊசி பிடிக்க மேல் பல்லைவிடச் சற்று அதிக நேரம் எடுக்கும். மருந்தில் பெரும்பாலும் அட்ரினலின் சேர்ந்திருப்பதால் நெஞ்சு கொஞ்ச நேரம் படபடக்கலாம். அதைப் பயத்தின் உச்சம் என்றோ ஒவ்வாமை என்றோ எடுத்துக்கொண்டு கலங்க வேண்டாம், சில நிமிடங்களில் அடங்கிவிடும். ஆனால் இதய நோய் உள்ளவர்கள் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

மரத்துப்போன பிறகும் அழுத்தம் தெரியும், அதிர்வு தெரியும், சத்தம் கேட்கும். வலி மட்டுமே மறையும். இது தெரியாதவர்கள் அழுத்தத்தை உணர்ந்தவுடன் “ஊசி பிடிக்கவில்லை” என்று பதறிவிடுகிறார்கள். உண்மையிலேயே கூர்மையாக வலித்தால் பொறுத்துக்கொண்டிருக்காதீர்கள். இன்னொரு ஊசி போட்டுத் தொடர்வது சாதாரணமான காரியம். இதற்காகவே வேலை தொடங்கும் முன் ஒரு சைகையைப் பேசி வைத்துக்கொள்ள வேண்டும்: இடது கையை உயர்த்தினால் உடனே நிறுத்திவிட வேண்டும் என்பது வழக்கமான ஏற்பாடு. தொடங்கிய சில நொடிகளிலேயே ஒருமுறை கையை உயர்த்திப் பாருங்கள். மருத்துவர் நிறுத்துகிறார் என்று கண்ணால் கண்டுவிட்டால், அதற்குப் பிறகு பலருக்கும் கையை உயர்த்தத் தேவையே வருவதில்லை.

சத்தம்தான் தொல்லை என்றால் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு பாட்டுக் கேட்க அனுமதி கேளுங்கள். மூச்சை மூக்கால் இழுத்து, இழுத்த நேரத்தைப் போல இரு மடங்கு நேரம் மெதுவாக வெளியே விடுவது, இறுகிய தோளையும் விரல்களையும் தளர்த்திவிடும். ஆனால் ஊசியையோ இரத்தத்தையோ கண்டால் மயக்கம் வருபவர்களுக்கு இந்தத் தளர்வு உதவாது. அவர்களுக்கு இரத்த அழுத்தம் திடீரென இறங்குவதுதான் பிரச்சினை என்பதால், கை, கால், வயிற்றுத் தசைகளைப் பத்துப் பதினைந்து நொடிகள் இறுக்கி, முகத்தில் சூடு ஏறியதும் விட்டு, அரை நிமிடம் கழித்து மீண்டும் இறுக்குவதே பலன் தரும். வீட்டில் நான்கைந்து நாள் பழகிவிட்டுப் போனால் அங்கே இயல்பாக வரும். குமட்டல் வருபவர்கள் நாற்காலியை முழுவதும் சாய்க்காமல் வைக்கச் சொல்லி, மூக்கால் மூச்சு விட்டுக்கொண்டு, ஒரு காலைச் சற்றே உயர்த்திப் பிடித்துக்கொண்டால் கவனம் அங்கே போய் குமட்டல் குறையும்.

இரண்டு கட்டுக்கதைகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மேல் பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை போய்விடும் என்று இன்றும் வீட்டுப் பெரியவர்கள் சொல்வதுண்டு. பார்வைக்கான நரம்பு வேறு, மேல் பற்களுக்கு உணர்வு தரும் நரம்பு வேறு. பல்லை எடுப்பதால் பார்வை போவதில்லை. சுத்தம் செய்தால் பல் ஆடிவிடும், இடைவெளி விழுந்துவிடும் என்பது இன்னொன்று. பல்லிடுக்கை அடைத்திருந்த காரையை எடுத்ததும், வீங்கியிருந்த ஈறு வற்றியதும், அதுவரை மறைந்திருந்த இடைவெளி கண்ணுக்குத் தெரிகிறது. பல்லைத் தாங்கும் எலும்பை அரித்துவந்தது அந்தக் காரையில் குடியிருந்த கிருமிகளே.

இவ்வளவும் செய்தும் உட்கார முடியாதவர்களுக்கு, சிரிப்பு வாயு எனப்படும் நைட்ரஸ் ஆக்சைடை முகர வைத்துப் பதற்றத்தைத் தணித்துச் சிகிச்சை செய்யும் வசதி சில இடங்களில் உண்டு. நினைவு இருக்கும், பேசினால் பதில் சொல்ல முடியும், பயம் மட்டும் தூரத்தில் இருப்பது போலிருக்கும். பதற்றம் தணிக்கும் மாத்திரையையும் மருத்துவர் தரலாம். அதைச் சாப்பிட்ட நாளில் வண்டி ஓட்டக் கூடாது, கூட ஒருவர் வர வேண்டும். மருந்துக்கடையில் கேட்டு நீங்களாகவே தூக்க மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்வது ஆபத்து.

பிள்ளைகள் விஷயத்தில் பெரியவர்களின் வாய்தான் கெடுக்கிறது. “சொன்னதைக் கேட்காவிட்டால் டாக்டரிடம் சொல்லி ஊசி போடச் சொல்வேன்” என்று மிரட்டி வளர்த்துவிட்டு, பிறகு அதே டாக்டரிடம் சமர்த்தாக வாயைத் திற என்றால் எந்தக் குழந்தை திறக்கும்? பால் பல் முளைத்த முதல் ஆண்டிலேயே, வலி எதுவும் இல்லாதபோது ஒருமுறை காட்டிவிட்டு வாருங்கள். ஊசி போட்ட நாளில் உதடு மரத்திருக்கும்வரை அதைக் கடித்துப் புண்ணாக்கிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பயத்தைப் பழக்கிக்கொள்ள நேரம் இல்லாத சூழ்நிலையும் உண்டு. காய்ச்சலோடு முகம் வீங்குதல், வீக்கம் கண்ணை நோக்கியோ தாடைக்கு அடியிலோ பரவுதல், வாயைத் திறக்க முடியாமை, விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமம் ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும், இரவானாலும் விடுமுறை நாளானாலும் உடனே பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போய்விட வேண்டும். மற்றவர்கள் இன்றைக்குத் தொலைபேசியில் நேரம் கேட்பதோடு தொடங்கலாம். சிகிச்சை முடிந்து கிளம்பும்போது, உதட்டின் மரப்பு போகும் முன்பே, ஆறு மாதம் கழித்துப் பரிசோதனைக்கு வர ஒரு தேதியையும் அங்கேயே குறித்து வாங்கிக்கொள்ளுங்கள்.