புது வேலையில் தாய்ப்பால் எடுக்க நேரம் கேட்பது எப்படி?

புது வேலையில் சேர்ந்த முதல் இரண்டு நாள் நான் யாரிடமும் வாயைத் திறக்கவில்லை. வந்ததும் வராததுமாக இதைப் போய்க் கேட்பதா என்ற கூச்சம். மூன்றாம் நாள் மதியம் ஒரு மீட்டிங் இழுத்துக்கொண்டே போனது. பால் கட்டி மார்பு கல் மாதிரி ஆகிவிட்டது. லேப்டாப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டுதான் வெளியே வந்தேன். மறுநாள் மேனேஜரிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவர் முகம் சுளிக்கவில்லை. "சரி, எத்தனை மணிக்கு? எவ்வளவு நேரம்?" என்று மட்டும் கேட்டார். என்னிடம் பதில் இல்லை!

அன்றைக்குப் புரிந்தது இதுதான்: கேட்கப் போகும் முன் கணக்கைப் போட்டுக்கொண்டு போக வேண்டும். எதிரில் இருப்பவர் "சரி" என்று சொன்னால் போதும் என்ற நிலையில் விஷயத்தைக் கொண்டுபோய் வைத்துவிட்டால் பாதிக் கூச்சம் தானாகப் போய்விடும்.

படி 1: உங்கள் நேரத்தைக் கணக்கிடுங்கள்

மூன்று நாளைக்குக் குழந்தை பால் குடிக்கும் நேரத்தையெல்லாம் குறித்து வையுங்கள். சின்னக் குழந்தை என்றால் பெரும்பாலும் இரண்டரை மணி நேரத்திலிருந்து மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை வரும். வேலையிலும் ஏறக்குறைய அதே இடைவெளியில் பால் எடுக்க வேண்டும். எடுக்க எடுக்கத்தான் சுரக்கும். எடுக்காமல் விட்டால் "இவ்வளவு தேவையில்லை போல" என்று உடம்பு குறைத்துக்கொள்ளும்.

ஓர் உதாரணம். வேலை 9 மணி முதல் 6 மணி வரை, போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம். காலை 7.30-க்குக் குழந்தைக்குப் பால் கொடுத்துவிட்டுக் கிளம்புகிறீர்கள். அப்படியானால் 10.30, 1.30, 4.30 என்று மூன்று முறை எடுக்கலாம். வீட்டுக்கு வந்ததும் குழந்தையே குடித்துவிடும். பயண நேரத்தைப் பலரும் கணக்கில் சேர்க்க மறந்துவிடுகிறார்கள். பால் கட்டுவதற்கு நீங்கள் பஸ்ஸில் இருக்கிறீர்களா, மேசையில் இருக்கிறீர்களா என்பது தெரியாது.

ஒருமுறைக்கு எவ்வளவு நேரம்? பால் எடுக்கும் பம்ப் ஓடுவது 15 முதல் 20 நிமிடம். கை கழுவி, பாகங்களை மாட்டி, முடித்ததும் பாலை மூடி வைத்து, பாகங்களைக் கழுவித் திரும்ப இன்னும் 10 நிமிடம். ஆக அரை மணி நேரம். இருபது நிமிடம் என்று குறைத்துச் சொல்லிவிட்டுத் தினமும் ஓடிவருவதைவிட, உள்ளதைச் சொல்வது நல்லது. இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் எடுக்கும் பம்ப் இருந்தால் நேரம் நன்றாகவே மிச்சமாகும்.

இப்போது கூட்டிப் பாருங்கள். மூன்று அரை மணி, அதாவது 90 நிமிடம். அதில் ஒன்று சாப்பாட்டு இடைவேளைக்குள் வந்துவிடுகிறது. நீங்கள் உண்மையில் கேட்கப்போவது ஒரே ஒரு மணி நேரம். இந்தக் கணக்கோடு போனால் பேச்சே வேறு மாதிரி இருக்கும்.

படி 2: விதியைத் தெரிந்துகொள்ளுங்கள்

சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். எத்தனை இடைவேளை, குழந்தைக்கு எத்தனை மாதம் ஆகும் வரை, அந்த நேரத்துக்குச் சம்பளம் உண்டா என்ற மூன்றையும் உங்கள் நாட்டுத் தொழிலாளர் துறையின் தளத்தில் பார்த்துவிடுங்கள். நிறுவனத்தின் விதிப் புத்தகத்தில் மகப்பேறு விடுப்புப் பகுதியையும் ஒருமுறை புரட்டுங்கள்.

இது ஏதோ இந்தக் காலத்துப் பெண்கள் கிளப்பிய புதுப் பழக்கம் என்று யாராவது சொன்னால் ஒரு தகவல். சர்வதேச தொழிலாளர் அமைப்பு 1919-லேயே, அது தொடங்கிய ஆண்டிலேயே, பாலூட்டும் தாய்க்கு வேலை நேரத்தில் தினம் இரண்டு முறை அரை மணி நேரம் தர வேண்டும் என்று உடன்படிக்கையில் எழுதிவிட்டது. அதே அமைப்பின் 2000-ஆம் ஆண்டு உடன்படிக்கை, இந்த இடைவேளையை வேலை நேரமாகவே கணக்கிட்டுச் சம்பளமும் தர வேண்டும் என்கிறது. ஆனால் எல்லா நாடுகளும் அதை ஏற்கவில்லை. அதனால்தான் உங்கள் நாட்டுச் சட்டத்தைத் தனியாகப் பார்க்கச் சொல்கிறேன்.

படி 3: எப்போது, யாரிடம்?

இன்டர்வியூவில் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை என்பது என் கருத்து. ஆஃபர் லெட்டர் கைக்கு வந்த பிறகு, சேரும் தேதிக்கு ஒன்றிரண்டு வாரம் முன்பு சொல்வதுதான் சரியான நேரம். அறை ஏற்பாடு செய்ய அவர்களுக்கும் அவகாசம் கிடைக்கும். ஏற்கெனவே சேர்ந்துவிட்டீர்களா? இன்றைக்கே சொல்லுங்கள்.

இடம் எச்ஆர் (பணியாளர் விவகாரப் பிரிவு) கையில், நேரம் மேனேஜர் கையில். அதனால் இருவருக்கும் ஒரே மெயில்:

"வணக்கம். வரும் திங்கட்கிழமை பணியில் சேர்கிறேன். என் குழந்தைக்கு இப்போது 5 மாதம். தாய்ப்பால் கொடுத்து வருகிறேன். வேலை நேரத்தில் காலை 10.30, மதியம் 1.30, மாலை 4.30 ஆகிய மூன்று நேரங்களில் பால் எடுக்கத் தலா 30 நிமிடம் தேவைப்படும். மதிய நேரத்தைச் சாப்பாட்டு இடைவேளைக்குள் எடுத்துக்கொள்கிறேன். உள்ளே தாழ்ப்பாள் போடக்கூடிய, ப்ளக் பாயின்ட் உள்ள ஓர் அறையும், பாலை வைக்க ஃப்ரிட்ஜில் சிறிது இடமும் வேண்டும். நான்கு மாதம் கழித்து நேரத்தை மறுபடி பார்த்துக்கொள்ளலாம். இது குறித்துப் பத்து நிமிடம் பேச முடியுமா?"

இவ்வளவு போதும். "மன்னிக்கவும்", "சிரமத்துக்கு வருந்துகிறேன்" என்றெல்லாம் சேர்க்காதீர்கள்.

மேசை வேலை இல்லை, கடை கவுன்டர், தொழிற்சாலை, மருத்துவமனை ஷிஃப்ட் என்றால் இன்னொரு வரியும் வேண்டும்: அந்த அரை மணி நேரம் உங்கள் இடத்தில் யார் நிற்பார்? கூட வேலை செய்பவரிடம் முன்கூட்டியே பேசி, "அவர் பார்த்துக்கொள்கிறேன் என்றிருக்கிறார்" என்று போய்ச் சொன்னால் சூப்பர்வைசருக்கு மறுக்கக் காரணம் கிடைப்பது கஷ்டம். மணியைக் கறாராகச் சொல்லாமல், "10 மணிக்கும் 11 மணிக்கும் நடுவில்" என்று கொஞ்சம் தளர்த்திக் கேளுங்கள்.

படி 4: எதிர்க் கேள்விகள்

"லஞ்ச் நேரத்திலேயே முடிச்சுக்கலாமே?" என்பார்கள். "ஒருமுறை அப்படித்தான் எடுக்கிறேன். எட்டு ஒன்பது மணி நேரத்தில் ஒரே முறை எடுத்தால் பால் கட்டிக் காய்ச்சல் வரலாம், அப்புறம் லீவுதான் போட வேண்டியிருக்கும்" என்று சொல்லுங்கள். மிரட்டல் இல்லை, நிஜம்.

"டாய்லெட்டில் எடுத்துக்கோங்க." எனக்கு எரிச்சல் வந்த பதில் இது. சத்தம் போடாமல், "அது குழந்தை குடிக்கப்போகும் பால், சுத்தமான இடம் வேண்டும்" என்றேன். அவருக்கே சங்கடமாகிவிட்டது. சும்மா கிடந்த ஒரு ஸ்டோர் ரூமைத் திறந்துவிட்டார்கள். முதல் வாரம் அதற்குத் தாழ்ப்பாள் இல்லை. நாற்காலியைக் கதவுக்கு முட்டுக் கொடுத்துத்தான் உட்கார்ந்தேன்.

அறையைக் காட்டினால் அங்கேயே நான்கு விஷயம் பாருங்கள்: தாழ்ப்பாள், ப்ளக் பாயின்ட், பக்கத்தில் கை கழுவத் தண்ணீர், கேமரா இல்லாமை. கண்ணாடிக் கதவு என்றால் காகிதம் ஒட்டச் சொல்லலாம்.

வாய்ப்பேச்சில் "பார்த்துக்கலாம்" என்று விட்டுவிட்டால் அன்றே, "இன்று பேசியபடி..." என்று ஆரம்பித்து ஒரு மெயில் போட்டுவிடுங்கள். நேராக மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். எச்ஆரும் கைவிட்டால் தொழிலாளர் துறைக்குப் போக அந்த மெயில்கள்தான் ஆதாரம்.

படி 5: முதல் வாரம்

காலண்டரில் மூன்று நேரத்தையும் "பிஸி" என்று அடைத்துவிடுங்கள். காரணம் எழுத வேண்டாம். பையில் ஒரு மாற்றுச் சட்டையும், மின்சாரம் போனால் உதவ ஒரு கைப் பம்ப்பும் இருக்கட்டும்.

எடுத்த பால் 25 டிகிரி வரையுள்ள அறையில் 4 மணி நேரம் தாங்கும், ஃப்ரிட்ஜில் 4 நாள். ஃப்ரிட்ஜே இல்லையென்றால் உறைந்த ஐஸ் பேக் வைத்த கூலர் பையில் 24 மணி நேரம் வரை வைக்கலாம். பாட்டிலில் தேதியும் நேரமும் எழுதுங்கள். பொது ஃப்ரிட்ஜ் என்றால் வெளியே தெரியாத டப்பாவுக்குள் போட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் யாராவது காபியில் ஊற்றிவிடுவார்கள்.

ஒரு வேளை தவறினால் பரவாயில்லை, கிடைத்த முதல் இடைவெளியில் எடுத்துவிடுங்கள். மார்பில் ஒரு இடம் சிவந்து வலித்து, காய்ச்சலும் வந்தால் தள்ளிப்போடாமல் டாக்டரைப் பாருங்கள்.

குழந்தை திட உணவு சாப்பிட ஆரம்பித்த பிறகு ஒரு இடைவேளை தேவைப்படாமல் போகலாம். சட்டென்று நிறுத்தாமல், அந்த வேளையின் நேரத்தைச் சில நாளில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள். நின்றதும் மேனேஜருக்கு இரண்டு வரி: "இனி 4.30 மணி இடைவேளை தேவையில்லை. மற்ற இரண்டும் அப்படியே தொடரும்."