உறைக்குள் கிடந்த வீணை

கல்யாணத்துக்குப் பிறகு என் வீணை உறையை விட்டு வெளியே வரவே இல்லை. வேலை, பிள்ளைகள், சமையல். கேட்டவர்களிடம் எல்லாம் நேரம் இல்லை என்றே சொன்னேன். ஆனால் வாசிக்காத அந்த வருஷங்களில் மனசு எப்படி வறண்டு கிடந்தது என்று எனக்குத்தான் தெரியும்.

மறுபடி வாசிக்கலாம் என்று முடிவெடுத்ததும், முதலில் வீணையைச் சரிசெய்யக் கொடுத்தேன். அதன் 24 மெட்டுகளும், அதாவது தந்தியை அழுத்தி வாசிக்கிற உலோகக் கம்பிகளும், தேன்மெழுகில் கரித்தூள் கலந்த பூச்சின் மேல்தான் உட்கார்ந்திருக்கும். சூட்டில் மெழுகு இளகி மெட்டு நகர்ந்துவிட்டால், எவ்வளவு சுருதி சேர்த்தாலும் ஸ்வரம் சேராது. இது வீட்டில் செய்கிற வேலை இல்லை. காது தேர்ந்த கைவினைஞர் ஒவ்வொரு மெட்டாக மீட்டிப் பார்த்துப் பதிக்க வேண்டும். இதில் செலவைப் பார்க்காதீர்கள். ஏழு தந்திகளையும் மாற்றச் சொன்னேன்.

அப்புறம் நேரம். உறையிலிருந்து எடுத்துச் சுருதி சேர்ப்பதற்குள் குக்கர் விசில் அடித்துவிடும். அதனால் கூடத்திலேயே, வெயில் படாத மூலையில் துணி போர்த்தி வைத்தேன். இரவு பாத்திரம் கழுவியதும் உட்கார்ந்துவிடுவேன். கீர்த்தனை எல்லாம் இல்லை, மாயாமாளவகௌளை ராகத்தில் சரளி வரிசை என்கிற ஆரம்பப் பாடம் மட்டும். விரல் நுனி சிவந்து எரிந்தது; தேங்காய் எண்ணெய் தொட்டுக்கொண்டு வாசித்தேன். காய்ப்பு ஏறியதும் வலி போய்விட்டது.

இது அம்மாவின் நேரம் என்று வீட்டில் வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும். யாரும் தானாகப் புரிந்துகொள்ள மாட்டார்கள். இப்போது ஆரம்பப் பாடங்களைத் தாண்டி வர்ணம் வரை வந்திருக்கிறேன். முதல் தந்தியான சாரணியை இழுத்துக் கமகம், அதாவது ஸ்வரத்தின் அசைவு, பிடிப்பதில்தான் இன்னும் பிசகு. அதற்காகவே பழைய டீச்சரிடம் மறுபடி போய்க்கொண்டிருக்கிறேன்.