முதல் 'டக்'கோடு நிறுத்துங்கள்

காருக்கு ஃபுல் டேங்க் போடும்போது நாசில் தானாக 'டக்' என்று நின்றதும், போதும் என்று சொல்லிவிடுங்கள். "ரவுண்டா மூவாயிரத்துக்குப் போட்டுடவா சார்?" என்று கேட்பார்கள், வேண்டாம். ஜிபேயில் 2,847 ரூபாய் அனுப்ப என்ன கஷ்டம்?

நாசில் முனையில் ஒரு சின்னத் துளை இருக்கும், பார்த்திருப்பீர்கள். பெட்ரோல் அதை மூடியதும் காற்று உறிஞ்சுவது தடைபட்டு லீவர் விழுந்துவிடும். அதற்கு மேல் டேங்கில் மிச்சமிருக்கும் இடம் பெட்ரோல் விரிவதற்காக விட்டது. 40 லிட்டர் பெட்ரோல் 15 டிகிரி சூடேறினால் அரை லிட்டருக்கு மேல் விரியும். அந்த இடத்தையும் நிரப்பினால், ஆவியை மட்டும் பிடிக்க வேண்டிய கரி டப்பாவுக்குள் (கானிஸ்டர்) பெட்ரோலே புகுந்துவிடும். அப்புறம் வண்டிக்குள் பெட்ரோல் வாடை, ஸ்டார்ட்டிங் தகராறு, கானிஸ்டர் மாற்றும் செலவு. 153 ரூபாயை ரவுண்டாக்கப் போய் இதெல்லாம் தேவையா?

டேங்க் காலியாக இருக்கும்போதே 'டக்' அடித்தால் அது நுரையாலோ நாசில் சாய்வாலோ இருக்கலாம். லேசாக வெளியே இழுத்து, மெதுவாகப் போடச் சொல்லுங்கள். டீசலில் இந்த நுரைத் தொல்லை கொஞ்சம் அதிகம். பைக்குக்கு 'டக்'கை நம்பாதீர்கள். நாசிலை மேலே தூக்கிப் பிடித்துப் போடுவதால், கண்ணால் பார்த்துத்தான் நிறுத்த வேண்டும்.