மணல் நிலத்தில் பாவ்பாவ் செடி: முதன்முறை வளர்ப்பவர்களுக்கு

மத்திய ஃபுளோரிடாவில் தோட்டம் போடுபவர்கள் மணலைக் குறை சொல்வார்கள். அந்த மணலையே சொந்த ஊராகக் கொண்ட புதர்ச்செடி அசிமினா ஓபோவேட்டா என்ற பெரிய பூ பாவ்பாவ். பப்பாளிக்கு இது உறவில்லை; சீத்தாப்பழக் குடும்பம். ஃபுளோரிடாவைத் தவிர வேறெங்கும் இயற்கையாக வளர்வதில்லை. வசந்தத்தில் புதுத் துளிர்களின் நுனியில் பெரிய வெள்ளைப் பூக்கள் தொங்கும்.

1. இடம்: நல்ல வெயில் வேண்டும், லேசான நிழலும் பரவாயில்லை. மழை நின்றதும் தண்ணீர் வடிந்துவிட வேண்டும். எரு, களிமண் எதுவும் கலக்காதீர்கள்.

2. செடி: காட்டிலிருந்து பிடுங்கவே கூடாது. ஆணிவேர் மிக ஆழமாகப் போகும். அது அறுந்தால் செடி பிழைப்பது அரிது. இதன் உறவான நான்கிதழ் பாவ்பாவ் மார்ட்டின், பாம் பீச் மாவட்டங்களில் மட்டுமே மிஞ்சியிருக்கிறது. 1986 முதல் அழியும் நிலையிலுள்ள இனமாகச் சட்டப் பாதுகாப்பில் இருக்கிறது. உள்ளூர்த் தாவரங்கள் விற்கும் நர்சரியில், ஆழமான தொட்டியில் வளர்ந்த சின்னக் கன்றாகப் பார்த்து வாங்குங்கள். பெரிய கன்றுக்கு ஆசைப்பட வேண்டாம், வேர் தொட்டிக்குள்ளேயே சுருண்டிருக்கும்.

விதையிலிருந்தும் வளர்க்கலாம். பழுத்த பழத்தின் சதையைக் கழுவிவிட்டு, விதை காய்வதற்குள் ஆழமான தொட்டியில் ஊன்றுங்கள். காய்ந்த விதை முளைக்காது. முதலில் வேர்தான் கீழே இறங்கும். தளிர் மேலே வர மாதக்கணக்காகும். பொறுமையிழந்து தோண்டிப் பார்த்தால் அந்த வேர் போய்விடும். விதையில் நச்சு உண்டு, குழந்தைகள் வாயில் வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

3. நடவு: கோடை மழை தொடங்கியதும் நடுங்கள். தொட்டி மண் உதிராமல், வேரைப் பிரிக்காமல் அப்படியே குழியில் இறக்க வேண்டும். வேர் பிடிக்கும்வரை மேல்மண் காய்ந்தால் தண்ணீர். பிறகு மழையே போதும். உரம் தேவையில்லை.

4. கவாத்து: நன்றாக வேரூன்றிய பிறகு, குளிர்கால முடிவில் துளிர்க்குமுன் வெட்டலாம். காட்டில் தீ இந்த வேலையைச் செய்கிறது. எரிந்த செடி அடியிலிருந்து மறுபடி துளிர்க்கும்.

5. புழுக்கள்: இளந்தளிரில் புழு தெரிந்தால் பூச்சிமருந்து அடிக்காதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். கறுப்பு வெள்ளைக் கோடுகளும் நீண்ட வாலும் கொண்ட ஸீப்ரா ஸ்வாலோடெயில் வண்ணத்துப்பூச்சியின் பிள்ளைகள் அவை. பாவ்பாவ் இனங்களின் இலையைத் தவிர அவற்றுக்கு வேறு உணவு கிடையாது. இலையிலுள்ள நச்சுதான் பறவைகளிடமிருந்து அவற்றைக் காக்கிறது. தின்ற இடத்தில் செடி மீண்டும் துளிர்த்துக்கொள்ளும்.

பழமும் வேண்டுமென்றால் வெவ்வேறு விதையில் வந்த இரண்டு செடிகளையாவது பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். மகரந்தம் சுமக்கும் வேலையை வண்டுகள் பார்த்துக்கொள்ளும்.