அசனப் பந்தியில் பழகும் தாழ்மை

தாழ்மையாக வாழ விரும்புகிறவர்களில் பலர், "நான் ஒன்றுக்கும் உதவாத பாவி" என்று சொல்லிக்கொள்வதிலிருந்து தொடங்குகிறார்கள். கேட்பவர் "ஐயோ, அப்படிச் சொல்லாதீர்கள்" என்று மறுக்கவேண்டும் என்ற ஆசை அதற்குள்ளேயே இருப்பதால், அந்தப் பேச்சை முதலில் விட்டுவிடுங்கள். லூக்கா 14ஆம் அதிகாரத்தில், விருந்துக்கு வந்தவர்கள் முதன்மையான இடங்களைப் பிடிப்பதைக் கவனித்த இயேசு, தாழ்ந்த இடத்தில் போய் உட்காரும்படிதான் சொன்னார். நாமும் உட்காரும் இடத்திலிருந்தே தொடங்கலாம்.

மதுரைப் பக்கத்துச் சபைகளில் அசனம் என்னும் பொது விருந்து நடக்கும் நாள் இதற்கு ஏற்ற நாள். கமிட்டிக்காரர்களோடு முதல் பந்தியில் உட்காராமல், சாம்பார் வாளியை வாங்கிக்கொண்டு வரிசையில் இறங்குங்கள். ஒவ்வோர் இலைக்கும் குனிந்து ஊற்றிவிட்டு, ரசம் நீர்த்துப்போன கடைசிப் பந்தியில் சாப்பிடுங்கள். பிறகு இலை எடுங்கள். ஒருமுறை அப்படி எடுத்துக்கொண்டிருந்தபோது, போட்டோ எடுப்பவர் எந்தப் பக்கம் நிற்கிறார் என்று என் கண் தேடியதை நானே கண்டுகொண்டேன். அப்படி நேர்ந்தால் வேலையை விட்டுவிட வேண்டியதில்லை. எச்சில் இலை கொட்டும் பின்புறத்துக்குப் போய்விட்டால் போதும், அங்கே கேமரா வராது.

கோயிலுக்கு மின்விசிறி வாங்கிக் கொடுத்தால் இறக்கையில் 'உபயம்' எழுதவேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அறுப்பின் பண்டிகையில் காணிக்கைப் பொருள்களை ஏலம் விடும்போது, எதிர்வீட்டுக்காரரை முந்துவதற்காக எலுமிச்சம்பழத்தின் விலையை ஏற்றுவதும் இதே கணக்கில்தான் சேரும்.

வீட்டில்தான் காரியம் கடினம். வேலைக்கு வரும் அம்மாவுக்கென்று ஜன்னலோரத்தில் தனி டம்ளர் கவிழ்த்து வைத்திருந்தால், விளக்கம் எதுவும் சொல்லாமல் அதை எடுத்துவிட்டு, நீங்கள் குடிக்கும் டம்ளரிலேயே காபி கொடுங்கள். அவர் தரையில் உட்காரப் போனால் நாற்காலியை இழுத்துப் போடுங்கள். உங்களைவிட இருபது வயது மூத்தவரை உங்கள் பிள்ளைகள் 'வா, போ' என்று அழைத்தால் அப்போதே திருத்துங்கள். அவர்கள் அதை உங்களிடமிருந்துதான் கற்றிருப்பார்கள் என்பதால், திருத்தம் உங்கள் வாயிலிருந்தே தொடங்கவேண்டியிருக்கும்.

கற்றுக்கொள்வதும் ஒரு பயிற்சியே. 1693இல் ஓரியூரில் வெட்டுண்டு இறந்த அருளானந்தர் என்னும் ஜான் டி பிரிட்டோ, போர்த்துகல் நாட்டு இயேசு சபைக் குரு; லிஸ்பன் அரண்மனையில் இளவரசரின் தோழனாக வளர்ந்தவர். இயேசு சபையின் மதுரை மிஷனுக்கு வந்தபின் இறைச்சியை விட்டு, இவ்வூர்த் துறவிகளைப்போலப் பண்டாரசாமியாகக் காவி உடுத்தார். உடையை எல்லாரும் வியக்கிறார்கள். ஊராருடைய மொழிக்கும் பழக்கத்துக்கும் வளர்ந்த வயதில் மாணவனானதே அதைவிடக் கடினம் என்பது என் எண்ணம். கோயில் வேலைகளைக் கவனிக்கும் கோயில்பிள்ளையிடமோ, அலுவலகத்தில் உங்களுக்குக் கீழே இருப்பவரிடமோ, உங்களுக்குத் தெரியாத ஒன்றை வாரம் ஒருமுறை கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மன்னிப்புக் கேட்கும்போது 'ஆனால்' என்ற சொல்லோடு தொடராதீர்கள். பிள்ளைகளிடம் கேட்கும்போதும் அப்படியே.

ஏற்கெனவே தாழ்த்தப்பட்டிருப்பவர்களிடம் போய்த் தாழ்மையைப் போதிக்காதீர்கள். யோவான் 13ஆம் அதிகாரத்தில், போதகரென்றும் ஆண்டவரென்றும் சீஷர்கள் அழைத்தவரே சீலையை இடுப்பில் கட்டிக்கொண்டு கால் கழுவினார். வீட்டில் எல்லாரும் சாப்பிட்டபின் சாப்பிடும் மருமகளுக்கு இந்தப் பிரசங்கம் தேவையில்லை. வரும் ஞாயிறு ஆராதனை முடிந்து வந்ததும் அவரை முதலில் உட்காரவைத்து, நீங்கள் பரிமாறுங்கள்; சட்டியின் அடியில் கடைசி ஆளுக்கு எத்தனை துண்டு கறி மிஞ்சுகிறது என்பது அன்று உங்களுக்குத் தெரியவரும்.