‘மாதம் எவ்வளவு கட்ட முடியும்?’ தென்னாப்பிரிக்காவில் ஸ்போர்ட்ஸ் கார் வாங்கப்போகும் புதியவர்களுக்கு

சாண்ட்டனிலோ உம்லாங்காவிலோ ஒரு ஷோரூமில் உட்கார்ந்து காபி கைக்கு வந்ததும் இந்தக் கேள்வி வந்துவிடும். பதில் சொல்லாதீர்கள். ‘முப்பதாயிரம் ரேண்ட்’ என்று வாய்விட்டால், அதன் பிறகு வண்டியின் விலையை யாரும் பேச மாட்டார்கள். தவணைக் காலத்தை இழுத்தும், ஒரு பெருந்தொகையைக் கடைசிக்குத் தள்ளியும், எந்த வண்டியையும் முப்பதாயிரத்துக்குள் அடக்கிக் காட்டிவிடுவார்கள். முதலில் வண்டியின் விலை. அது எழுத்தில் வந்த பிறகு, கொடுத்து மாற்றப்போகும் பழைய வண்டியின் மதிப்பு. அப்புறம் கடன். மற்றதெல்லாம் கடைசியில். இந்த வரிசையைக் குலைக்கத்தான் எதிரில் இருப்பவர் பயிற்சி பெற்றிருக்கிறார்.

அவருடைய சட்டையில் மூட்லி என்றோ கோவெண்டர் என்றோ பெயர் இருக்கலாம். முதலியாரும் கவுண்டரும் இந்த மண்ணில் அப்படித்தான் ஆனார்கள். 1860 முதல் இங்கே வேர்விட்ட குடும்பங்கள். பேச்சு பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான். ஊர்ப்பாசம் நல்லதுதான், ஆனால் அதனால் விலையில் ஒரு ரேண்ட்கூட இறங்காது.

கடைக்குப் போகும் முன்

தென்னாப்பிரிக்க அடையாள எண் இல்லாதவர் பெயரில் வண்டியைப் பதிய வேண்டுமானால் ‘டிராஃபிக் ரெஜிஸ்டர் எண்’ வேண்டும். பாஸ்போர்ட், விசா, புகைப்படங்கள், முகவரிச் சான்று ஆகியவற்றுடன் வாகனப் பதிவு அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். இது வாரக்கணக்கில் இழுக்கக்கூடும். வண்டி பிடித்துப்போன பிறகு இதற்காக ஓடினால், அந்த அவசரமே உங்கள் பேரத்தைக் கெடுத்துவிடும்.

தற்காலிக விசாவில் இருக்கும்வரை, படமும் கையெழுத்தும் கொண்ட, ஆங்கிலத்தில் உள்ள நம் ஊர் ஓட்டுநர் உரிமமே செல்லும். நிரந்தரமாக வசிக்கும் உரிமை (பர்மனென்ட் ரெசிடென்ஸ்) கிடைத்தால் ஓராண்டுக்குள் உள்ளூர் உரிமமாக மாற்றிவிட வேண்டும். போலீஸ் கண்டுகொள்ளாமல் விட்டாலும் இன்சூரன்ஸ்காரர் விடமாட்டார். விபத்துக்குப் பிறகு அவர் முதலில் கேட்பது உரிமத்தைத்தான்.

வங்கிக்கு மூன்று மாதச் சம்பளச் சீட்டு, மூன்று மாத வங்கிக் கணக்கு அறிக்கை, மூன்று மாதத்துக்குள் தேதியிட்ட முகவரிச் சான்று, விசா ஆகியவை வேண்டும். புதிதாக வந்தவருக்கு இங்கே கடன் வரலாறு கிடையாது. சென்னையில் வீட்டுக் கடனை ஒழுங்காகக் கட்டிய கதை இங்குள்ள பதிவேட்டில் ஏறாது. ஆகவே வந்த உடனே மாத ஒப்பந்த செல்போன் ஒன்று எடுத்து, தவறாமல் கட்டி வாருங்கள். பெரும்பாலும் விசா முடியும் தேதிக்கு மேல் தவணை நீளாது. விசாவில் 34 மாதம் மிச்சமிருந்தால் 60 மாதக் கணக்கைப் போட்டுப் பார்த்துப் பயனில்லை.

துபாயில் மலிவு என்று அங்கிருந்து இறக்கலாமா என்று பலர் கேட்பதுண்டு. வேண்டாம். இடப்பக்க ஸ்டியரிங் வண்டியை இங்கே புதிதாகப் பதிய முடியாது. பழைய வண்டிக்கு இறக்குமதி அனுமதி மிகச் சில பிரிவினருக்கே கிடைக்கிறது.

விலைக்குள் என்ன இருக்கிறது

பட்டியல் விலையில் பெரும்பங்கு அரசுக்குப் போகிறது. 15 சதவீத வாட் வரி. விலை ஏற ஏறக் கூடி 30 சதவீதம்வரை போகும் ‘ஆட் வலோரம்’ ஆடம்பர வரி. அதோடு கிலோமீட்டருக்கு 95 கிராமுக்கு மேல் வெளியாகும் ஒவ்வொரு கிராம் கரியமில வாயுவுக்கும் தனி வரி. எட்டு சிலிண்டர் வி8 வண்டிக்கு இந்தக் கடைசி வரியே ஒரு கணிசமான தொகை. சில விளம்பரங்களில் அதைச் சேர்க்காமல் விலை போட்டு, அடியில் பொடி எழுத்தில் சொல்லியிருப்பார்கள். ‘இது எல்லா வரியும் சேர்ந்ததா?’ என்பதுதான் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி.

வரியில் பேரம் இல்லை. டீலரின் லாபத்தில்தான் பேரம். அது வண்டிக்கு வண்டி மாறும். எண்ணி ஒதுக்கப்படும் போர்ஷே ஜிடி வகைகளில் தள்ளுபடி கேட்டால் சிரிப்பார்கள். அங்கே பேரம் உங்கள் இடம் வரிசையில் எங்கே என்பதைப் பற்றியது. ஷோரூமில் மாதக்கணக்கில் நிற்கும், வேறு யாரோ விரும்பித் தேர்ந்த நிறமும் கூடுதல் வசதிகளும் கொண்ட பிஎம்டபிள்யூ எம்4 அல்லது மெர்சிடிஸ் ஏஎம்ஜி என்றால் நன்றாகவே அடித்துப் பேசலாம். டெமோ வண்டியில் அதைவிடவும். ஆனால் டெமோ வண்டிக்கு உத்தரவாதமும் பராமரிப்புத் திட்டமும் முதல் பதிவுத் தேதியிலிருந்தே ஓடத் தொடங்கிவிட்டன என்பதை விலையில் கழியுங்கள்.

மறுவிற்பனை மதிப்பு முதல் பதிவு ஆண்டை வைத்துப் போகிறது. டிசம்பர் 20-இல் பதிந்த வண்டி பன்னிரண்டே நாளில் ‘போன வருஷ வண்டி’. டிசம்பரில் வாங்கினால் அந்த இழப்புக்கு ஈடான தள்ளுபடி வேண்டும். இல்லையென்றால் ஜனவரியில் பதியச் சொல்லுங்கள்.

விலைச்சீட்டின் கீழ்ப்பகுதியில் ‘ஆன் தி ரோடு’ என்று ஒற்றை வரியில் ஒரு தொகை இருக்கும். அதைப் பிரித்துக் கேளுங்கள். பதிவும் உரிமக் கட்டணமும் நியாயம். ‘நிர்வாகம்’, ‘டெலிவரி’ என்பவை பேசிக் குறைக்கக்கூடியவை. மைக்ரோடாட் (திருட்டைத் தடுக்க வண்டியில் ஆங்காங்கே ஒட்டும், அடையாள எண் பொறித்த நுண்புள்ளிகள்) என்று தனியே பணம் கேட்டால் நிறுத்திக் கேளுங்கள்: 2012 செப்டம்பர் முதல் புதிய வண்டிகளுக்கு அது சட்டப்படி கட்டாயம், விற்பனைக்கு வரும்போதே இருக்க வேண்டியது.

கடனும் பலூனும்

வட்டியை ‘பிரைம்’ என்ற அடிப்படை விகிதத்தோடு ஒப்பிட்டே பேசுவார்கள். ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் தரும் ‘ரெப்போ’ வட்டிக்கு மேல் 3.5 புள்ளி கூட்டினால் அதுதான் பிரைம். ‘பிரைமுக்கு மேலா, கீழா, எத்தனை புள்ளி?’ என்று கேட்கப் பழகுங்கள்.

ஒரு கணக்கு. வண்டி 20 லட்சம் ரேண்ட், முன்பணம் 4 லட்சம், கடன் 16 லட்சம், வட்டி 11 சதவீதம், 60 மாதம். தவணை ஏறக்குறைய 34,790 ரேண்ட். வட்டி 12 ஆனால் தவணை சுமார் 35,590. ஐந்து ஆண்டில் ஒரே ஒரு புள்ளியின் விலை 48,000 ரேண்டுக்கு மேல்.

இனி பலூன். வண்டி விலையில் 30 சதவீதத்தை, அதாவது 6 லட்சத்தைக் கடைசியில் கட்டுவதாக வைத்தால், அதே 11 சதவீதத்தில் தவணை சுமார் 27,240-க்கு இறங்கும். கேட்கச் சுகமாக இருக்கும். ஆனால் அந்த 6 லட்சத்துக்கும் 60 மாதமும் வட்டி ஓடுகிறது. மொத்தத்தில் ஏறக்குறைய 1,47,000 ரேண்ட் அதிகம். 61-ஆம் மாதம் கையில் 6 லட்சம் இல்லாவிட்டால் மறுபடி கடன் வாங்க வேண்டும், இல்லை வண்டியை விற்க வேண்டும். சந்தை விலை பலூனுக்குக் கீழே போயிருந்தால் வித்தியாசத்தைக் கைக்காசு போட்டு அடைக்க வேண்டும். இரண்டு மூன்று ஆண்டில் ஊர் திரும்பும் எண்ணம் உள்ளவர்கள் பலூனை நினைக்கவே கூடாது என்பது எங்கள் கருத்து.

வங்கி எழுத்தில் தரும் கடன் மேற்கோள் 2005-ஆம் ஆண்டின் தேசியக் கடன் சட்டப்படி 5 வேலை நாட்களுக்குச் செல்லும். இந்த ஐந்து நாள்தான் உங்கள் ஆயுதம். அதை எடுத்துக்கொண்டு சம்பளம் போடும் வங்கிக்குப் போங்கள். டீலர் கொண்டுவரும் கடனில் அவருக்கும் கமிஷன் உண்டு என்பதால், ‘வேறு வங்கியில் அரைப் புள்ளி குறைவு’ என்றதும் அவரே மறுபடி தொலைபேசியை எடுப்பார். முன்கூட்டியே கடனை அடைக்க உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் 2,50,000 ரேண்டுக்கு மேற்பட்ட கடனில் மூன்று மாத வட்டிவரை அபராதம் வாங்கலாம். மூன்று மாதம் முன்னதாக எழுதிக் கொடுத்தால் அதைத் தவிர்க்கலாம்.

கடன் தீரும்வரை பதிவுச் சான்றில் ‘டைட்டில் ஹோல்டர்’ வங்கி, நீங்கள் ‘ஓனர்’. பெயரைப் பார்த்து மயங்க வேண்டாம்: விற்கும் அதிகாரம் முதலாமவருக்குத்தான்.

சொந்தக் கம்பெனி பெயரில் வாங்கினால் வரி மிச்சம் என்று யாராவது சொல்வார்கள். சாதாரணக் கம்பெனிக்குக் காரின் வாட் திரும்பக் கிடைக்காது. இந்த அளவுக் கடனில் கம்பெனிக்குத் தேசியக் கடன் சட்டத்தின் பாதுகாப்பும் இல்லை. கம்பெனியின் சொத்தோ விற்றுமுதலோ 20 லட்சத்தை எட்டினால் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும் கைவிட்டுவிடும்.

லீஸ் என்று தனிநபருக்கு இங்கே காட்டப்படுவது பெரும்பாலும் ‘உறுதி செய்த எதிர்கால மதிப்பு’த் திட்டம்தான். முடிவில் வண்டியைத் திருப்பித் தரலாம், மீதியைக் கட்டி வைத்துக்கொள்ளலாம், அல்லது அடுத்த வண்டிக்கு மாறலாம். திருப்பித் தருவதற்குக் கிலோமீட்டர் வரம்பு, நேரத்துக்கு சர்வீஸ், ‘நியாயமான தேய்மானம்’ என்று நிபந்தனைகள் உண்டு. ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து டர்பனுக்கு ஒரு வழி சுமார் 570 கிலோமீட்டர். தைப்பூசம், ஈஸ்டர் காவடி, தீபாவளி, கிறிஸ்துமஸ் விடுமுறை என்று நான்கு முறை போய்வந்தாலே 4,500-ஐத் தாண்டும். வரம்பைப் பேசும்போது இதைச் சேர்த்துச் சொல்லுங்கள். பிறகு கூட்டக் கேட்டால் விலை வேறு.

அடுத்த அறை

விலை பேசி முடித்ததும் நிதி மேலாளரின் அறைக்கு அனுப்புவார்கள். பெயின்ட் பாதுகாப்பு, கீறல் காப்பீடு, டயர்-ரிம் காப்பீடு, நீட்டித்த உத்தரவாதம் என்று ஒவ்வொன்றும் ‘மாதம் சில நூறு ரேண்ட்தான்’ என்று வரும். இவை கடனில் ஏறினால் வட்டியும் சேரும். டயர்-ரிம் காப்பீடு மட்டும் யோசிக்கத் தகுந்தது: 20 அங்குல ரிம், மெல்லிய டயர், மழைக்காலக் குழிகள். 2021 ஜூலை முதல் நடப்பில் உள்ள வணிகப் போட்டி ஆணைய வழிகாட்டுதல்படி, பராமரிப்புத் திட்டத்தை வண்டி விலையிலிருந்து பிரித்துக் காட்ட வேண்டும். பிரித்துப் பாருங்கள், ஆனால் இந்த ரக வண்டிக்கு அதை விட்டுவிடுவது பெரும்பாலும் தவறான சிக்கனம்.

வண்டி இன்சூரன்ஸை வங்கி கட்டாயமாக்கலாம். இன்னாரிடம்தான் எடுக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்த முடியாது. ஆர்டர் கொடுப்பதற்கு முன்பே மூன்று இடத்தில் விலை கேளுங்கள். தெரியாத பிரீமியம்தான் பலருடைய கணக்கைக் கவிழ்க்கிறது. டிராக்கர் வேண்டும் என்பார்கள். சில வண்டிகளுக்கு இரண்டு. அது வேலை செய்யாத நாளில் வண்டி திருடு போனால் பணம் வராது. தினமும் ஓட்டுபவர் மகன் என்றால் மகன் பெயரைச் சொல்லுங்கள். கயலாமி பந்தயத் தடத்தில் ஓட்டி அடிபட்டால் சாதாரணப் பாலிசி உதவாது. ரோபோவில், அதாவது சிக்னலில், கண்ணாடியை உடைத்துப் பறிப்பதைத் தடுக்க ஃபிலிம் ஒட்டுவது நல்லதுதான். பக்கக் கண்ணாடி 35 சதவீதமாவது, முன்கண்ணாடி 70 சதவீதமாவது ஒளியை விட வேண்டும்.

ஓட்டிப் பார்ப்பதில் ஒரு நுணுக்கம். ஜோகன்னஸ்பர்க் சுமார் 1,750 மீட்டர் உயரம். டர்போ இல்லாத எஞ்சின் 100 மீட்டருக்கு ஏறக்குறைய 1 சதவீத வலுவை இழக்கும். டர்பனில் சீறிய வண்டி அங்கே மந்தமாகத் தோன்றினால் அது பழுது அல்ல.

கையெழுத்தும் டெலிவரியும்

‘ஆஃபர் டு பர்ச்சேஸ்’ படிவம் வெறும் விருப்பக் கடிதம் இல்லை. டீலர் ஏற்றுக்கொண்டால் ஒப்பந்தம். ‘இத்தனை சதவீதத்துக்கு மேற்படாத வட்டியில் கடன் கிடைத்தால் மட்டும்’ என்ற நிபந்தனையைப் பேனாவால் எழுதி இருவரும் சுருக்கொப்பம் இடுங்கள். நீங்களே ஷோரூமுக்குப் போய் வாங்கினால் ஐந்து நாள் மனமாற்ற அவகாசம் கிடையாது. அது நேரடி விற்பனையில் தேடி வந்து விற்பவரிடம் வாங்கியவர்களுக்குத்தான். உங்கள் நிறமும் தையலும் சொல்லிச் செய்வித்த வண்டியாக இருந்தால், முன்பணத்தைத் திருப்பிக் கேட்கும் உரிமையும் சுருங்கிவிடும். எந்தச் சூழலில் எவ்வளவு திரும்பும் என்பதை முன்பே எழுதி வாங்குங்கள்.

பணம் அனுப்பும் முன், மின்னஞ்சலில் வந்த கணக்கு எண்ணை நீங்களே தேடி எடுத்த தொலைபேசி எண்ணில் அழைத்துச் சரிபாருங்கள். இடைமறித்த மின்னஞ்சலில் கணக்கை மாற்றிப் பணத்தைச் சுருட்டுவது இங்கே வழக்கமான மோசடி. ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட பொருளை விற்பவர், பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்கச் சட்டமே சொல்கிறது. வெளிநாட்டிலிருந்து வந்த தொகைக்கான வங்கித் தாளைக் கையில் வைத்திருங்கள்.

டெலிவரியைப் பகல் வெளிச்சத்தில் எடுங்கள். சேசிஸ் எண் தாளோடு ஒத்துப்போகிறதா, இரண்டு சாவியும் இருக்கின்றனவா, டயரின் பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்கம் (தயாரித்த வாரமும் ஆண்டும்) நான்கு டயரிலும் நெருங்கி இருக்கிறதா, முன்பக்க உதட்டின் (பம்பரின் கீழ்விளிம்பின்) அடியில் சிராய்ப்பு உண்டா என்று பாருங்கள். குறை இருந்தால் டெலிவரித் தாளிலேயே எழுதுங்கள். ஆறு மாதத்துக்குள் வரும் குறைபாட்டுக்குப் பழுதுபார்ப்பு, மாற்று, பணம் திரும்பப் பெறுதல் ஆகிய உரிமைகளை நுகர்வோர் சட்டம் தருகிறது. டீலர் மசியாவிட்டால் மோட்டார் தொழிலின் குறைதீர்ப்பாளரான ஒம்புட்ஸ்மேனிடம் எழுத்தில் போகலாம்.

தற்காலிக அனுமதித் தாள் 21 நாள்தான் செல்லும். நிரந்தர எண்ணும் கண்ணாடியில் ஒட்டும் உரிம டிஸ்க்கும் அதற்குள் வந்தாக வேண்டும். கோயிலுக்குப் பூஜைக்குக் கொண்டுபோகிறவர்கள் வாசல் மேட்டைச் சாய்வாக ஏறுங்கள், எலுமிச்சம்பழத்தை டயருக்கு வையுங்கள், தேங்காயை மட்டும் கார்பன் உதட்டிலிருந்து பத்தடி தள்ளி உடைக்கச் சொல்லுங்கள்.